நிமிஷத்துக்கு ஆறு இமைப்பு

புதிதாக நிருபர் வேலைக்கு வந்திருக்கும் உங்களில் சிலர் சென்ற மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். இத்தனை வருஷத்தில் நான் எழுதியவற்றில் எது தவறிப்போனது என்று கேட்டீர்கள். கல்யாண மாப்பிள்ளையின் பெயரையும் மாமனாரின் பெயரையும் மாற்றிப் போட்டது, உயிரோடு இருந்தவருக்கு இரங்கல் எழுதியது என்று சிலவற்றைச் சொன்னேன். சிரித்துவிட்டுப் போனீர்கள். அவை மறுநாள் திருத்தம் போட்டுச் சரி செய்தவை. திருத்தம் போட முடியாத ஒன்றை அன்று சொல்லாமல் விட்டேன். அது அச்சில் வந்ததே இல்லை. என் பழைய குறிப்புப் புத்தகம் ஒன்றில் பென்சிலால் எழுதிய ஒரே ஒரு சொல்லாக இருக்கிறது. அதை இப்போது எழுதிவிடுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நான் நாகர்கோவிலில், வெளியூரில் அச்சாகிற ஒரு பத்திரிகையின் நிருபர். ஒரு போட்டோ ஸ்டுடியோவின் மாடியில் குடியிருந்தேன். கீழே இருந்த போட்டோக்காரருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அந்தக் காலத்துக் கேமராவில் மூடியைக் கழற்றி, மனத்துக்குள் எண்ணி, திரும்ப மூட வேண்டும். அதற்குள் ஆள் கண்ணை இமைத்தால் படத்தில் கண் கலங்கிப்போய் விழும். காசு கொடுத்துப் படம் எடுத்தவர் சும்மா விடமாட்டார். அதனால் போட்டோக்காரர் மனிதர்களின் இமைகளைப் பார்த்துப் பார்த்து ஒரு கணக்கு வைத்திருந்தார்.

"சும்மா இருக்கவன் நிமிஷத்துக்குப் பத்துப் பதினஞ்சு தடவ இமைப்பான் வே," என்று ஒருநாள் சொன்னார். "வாயத் தொறந்து பேசினா அது கூடும். எதையாவது உத்துப் பாத்தாக் குறையும். நான் என்ன செய்வேன் தெரியுமா? இமைச்சு முடிக்க வரைக்கும் காத்து நிப்பேன். முடிச்ச உடனே, 'அன்னா மேல பல்லி'ன்னு சொல்லுவேன். பல்லியத் தேடுகவன் இமைக்க மாட்டான். நான் மூடியக் கழத்திருவேன்."

நான் இதைத் தொழிலுக்குப் பயன்படுத்திக்கொண்டேன். பொதுக்கூட்டங்களுக்குப் போனால் பேசுகிறவரை விட்டுவிட்டுக் கேட்கிறவர்களின் கண்களைப் பார்ப்பேன். முன்வரிசையில் ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு, கைக்கடிகாரத்தை வைத்து ஒரு நிமிஷம் எண்ணுவேன். ஒருமுறை கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் வராதது பற்றி ஒரு கூட்டம். பெரிய நிலக்காரர் ஒருவர் முக்கால் மணி நேரம் பேசினார். கூட்டம் கைதட்டியது. நான் எண்ணிய ஆள் நிமிஷத்துக்கு முப்பது தடவை இமைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு குத்தகைக்காரர் எழுந்து, தன் வயலில் கதிர் எப்படிக் கருகியது என்பதை நாலு வாக்கியத்தில் சொன்னார். அவர் சொல்லி முடிக்கும்வரை அதே ஆளுக்கு மூன்று இமைப்புத்தான். கைதட்டல் எவருக்கு, கவனம் எவருக்கு என்று எழுதி அனுப்பினேன். ஆசிரியரிடமிருந்து பாராட்டிக் கடிதம் வந்தது. என் கண்ணைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்தது அதற்குப் பிறகுதான்.

வாரத்தில் இரண்டு நாள் மார்த்தாண்டம் போய்ச் சந்தைச் செய்தி எடுத்து வருவேன். அப்போது நாங்கள் அதைத் தொடுவெட்டி என்றுதான் சொல்வோம். அந்த வழியில் ஓடிய ஒரு பஸ்ஸில் செல்லையன் டிரைவர், தங்கப்பன் கண்டக்டர். செல்லையனின் மனைவி ஞானம்மாளுக்குத் தங்கப்பன் கூடப்பிறந்த தம்பி. டிரைவருக்குப் பக்கத்தில் இருந்த ஒற்றை ஸீட்டை எனக்கென்று ஒதுக்கி வைப்பார்கள். பத்திரிகைக்காரர் என்கிற மரியாதை.

அந்த ஸீட்டில் ஒரு தொல்லை இருந்தது. டிக்கெட் கொடுத்து முடித்ததும் தங்கப்பன் இடப்பக்கம் முன்படியில் வந்து நின்றுகொள்வான். அங்கிருந்து என் மூக்குக்கு முன்னால் தலையை நீட்டி, அத்தானோடு பேச ஆரம்பிப்பான். நாகர்கோவில் வரை அந்தப் பேச்சு ஓயாது.

"அத்தான், முன்ன போற வண்டிக் காளைக்கு உம்மளவிட வேகம் கூடுதலாக்கும். நான் எறங்கி அதுல ஏறிக்கிடட்டா?"

"ஏறிக்கோல. காளைக்கும் ஒனக்கப் பேச்சு கேட்டுப் புத்தி மழுங்கட்டும்."

"எங்க அக்காவும் சொன்னா. வீட்டுலயும் இதே வேகந்தானாம். திங்கக்கெழம வெறகு கீறச் சொன்னா வெள்ளிக்கெழம கோடாலியத் தேடுவேராம்."

"ஒங்க அக்கா சோறு வைக்கது சனிக்கெழமல்லா? அதுக்கு வெள்ளிக்கெழம வெறகு போதும்."

பின்னால் இருப்பவர்கள் சிரிப்பார்கள். பனங்கற்கண்டு மூட்டையோடு வரும் கிழவர்கள்கூட இரண்டு பக்கமும் எடுத்துக் கொடுப்பார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒருநாள் தங்கப்பன் வெற்றிலையை மென்றுகொண்டே பேசியதில் என் சட்டையில் சிவப்பாக இரண்டு துளி விழுந்தது. மறுவாரம் நான் எழுதிய பத்தியில், வண்டி ஓட்டுகிறவர்களோடு கண்டக்டர்கள் ஓயாமல் அரட்டை அடிப்பதால் கவனம் சிதறுகிறது, பிரயாணிகளின் உயிருக்கு இது ஆபத்து, முதலாளிகள் இதை நிறுத்த வேண்டும் என்று எழுதினேன். சட்டைக் கறையைப் பற்றி எழுதவில்லை.

பத்தி வந்த பத்து நாளில் அந்த பஸ் முதலாளி தன் வண்டிகள் எல்லாவற்றிலும் ஒரு பலகை மாட்டினார். வெள்ளைத் தகரத்தில் சிவப்பு எழுத்து. 'டிரைவருடன் பேசக் கூடாது.' கண்டக்டர்கள் பின்படியில்தான் நிற்க வேண்டும் என்றும் உத்தரவு போட்டார். சந்தாதாரர்கள் நாலைந்து பேர் எனக்கு நன்றி சொல்லி எழுதினார்கள்.

அடுத்த முறை நான் ஏறியபோது தங்கப்பன் பலகையைக் காட்டினான்.

"சார் எழுதினதுதானா இது? எழுத்து நல்லாருக்கு."

அவன் குரலில் கோபம் இல்லை. "ஆனா ஒண்ணு சார். பேசாம வந்தா நாகருகோயில் தூரமாப் போயிட்டு," என்று சொல்லிவிட்டுப் பின்னால் போனான்.

உங்களுக்கு நான் சொல்லவருவது இங்கே ஒன்று உண்டு. ஒரு தொழிலில் இருக்கிறவர்கள் வெளியாளுக்கு வீணாகத் தோன்றுகிற ஒன்றைத் தினமும் செய்தால், அதை நிறுத்தச் சொல்லி எழுதுவதற்கு முன்னால், ஏன் செய்கிறீர்கள் என்று ஒரு தடவை கேளுங்கள். நான் கேட்கவில்லை. எனக்கு அது அரட்டையாகத் தெரிந்தது. அரட்டை என்று எழுதினேன்.

கோட்டாற்றுத் திருவிழா வந்தது. எல்லாப் பக்கத்திலிருந்தும் ஜனம். கம்பெனியின் இன்னொரு டிரைவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். நான் மார்த்தாண்டத்தில் வேலையை முடித்துக்கொண்டு, பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தபோது மத்தியானம் இரண்டு மணி. வெயில் இன்னும் தணியவில்லை. சாயாக்கடை பெஞ்சில் செல்லையன் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்று முடித்துவிட்டு, கை கழுவாமல் உட்கார்ந்திருந்தார். தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தங்கப்பன் என்னைத் தனியாக அழைத்தான்.

"சார், முன்ன ஸீட்டுல நீங்கதான இருப்பிய?"

"ஆமா."

"அத்தான் மூணு நாளாத் தலை சாய்க்கல்ல. வேற ஆள் இல்லன்னு மொதலாளி எறங்க விடல்ல. முன்னயின்னா நான் பக்கத்துல நின்னு எதையாவது பறஞ்சு கொண்டாந்திருவேன். இப்ப பின்னால நின்னா எனக்கு அவருக்க மண்டைதான் தெரியும். மொகத்த நீங்க ஒண்ணு கவனிச்சுக்கிடுங்க சார்."

நான் சரி என்றேன்.

அவன் சொன்னபடியே கவனித்தேன். எப்படிக் கவனிப்பது என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். அழகியமண்டபம் தாண்டும் வரை செல்லையன் நிமிஷத்துக்குப் பதினாலு, பதினைந்து என்று இமைத்தார். அது சாதாரணம். தக்கலையில் ஆட்களை இறக்கி ஏற்றிக் கிளம்பியபின் எண்ணிக்கை கூடியது. இருபத்திரண்டு. பிறகு முப்பத்தொன்று. அதுவும் சீராக இல்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லாமல் இருந்துவிட்டு, நாலைந்து சேர்ந்தாற்போல் படபடவென்று வந்தன. இது உறக்கத்தோடு போராடுகிறவனின் இமை என்று எனக்குப் புரிந்தது. முழங்கால் மேல் குறிப்புப் புத்தகத்தை வைத்து, எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பென்சிலால் எழுதினேன். இதை வைத்து ஒரு பத்தி எழுதலாம் என்று ஒரு நினைப்பும் அப்போது இருந்தது. அதை மறைக்க எனக்கு உரிமை இல்லை.

பேசலாமா என்றும் யோசித்தேன். தலைக்கு மேலே பலகை இருந்தது. அதை மாட்டவைத்தவனே அதை மீறுவதா என்று கூச்சமாக இருந்தது. செல்லையன் ரோஷக்காரர். 'உறங்குகிறீர்களா' என்று கேட்டால் இத்தனை பேர் முன்னால் அவமானமாக எடுத்துக்கொள்வார். இன்னும் ஒரு நிமிஷம் பார்ப்போம், முப்பதுக்குக் குறையவில்லை என்றால் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

குறைந்தது. அடுத்த நிமிஷம் ஒன்பது. அதற்கடுத்த நிமிஷம் ஆறு. செல்லையன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண் நன்றாகத் திறந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. உற்றுப் பார்க்கிறவனுக்கு இமைப்புக் குறையும் என்பதுதானே கணக்கு. எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆறு என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 'தெளிந்தார்' என்று எழுதினேன். புத்தகத்தை மூடிப் பையில் வைத்தேன்.

வில்லுக்குறிக்கு முன்னால் சாலை குளத்தங்கரையை ஒட்டி வலப்பக்கம் வளைகிறது. வண்டி வளையவில்லை. நேராகப் போனது. முன்சக்கரம் சாலையை விட்டு இறங்கிய அதிர்ச்சியில் செல்லையன் ஒரு சத்தம் போட்டு ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தார். முன்பக்கம் தப்பித்தது. பின்பக்கம் வீசி, ஓரத்தில் நின்ற புளியமரத்தில் உரசிக்கொண்டு நின்றது. உள்ளே இருந்தவர்களில் எவருக்கும் பெரிய காயம் இல்லை. தங்கப்பன் பின்படியில் நின்றுகொண்டிருந்தான்.

நான் இறங்கிப் பின்னால் போனபோது அவன் உயிரோடு இல்லை. சீட்டுப் பை மட்டும் தோளில் அப்படியே இருந்தது. செல்லையன் மரத்துக்கும் வண்டிக்கும் நடுவே கையைவிட்டு, வெறும் கையால் வண்டியைத் தள்ளப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏலே, எறங்குல. எறங்கி நில்லுல," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். குளத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து அவரைப் பிடித்து இழுத்தார்கள்.

அன்று மாலை பன்னிரண்டு வரியில் செய்தி அனுப்பினேன். அதில் எல்லா விவரமும் சரியாக இருந்தது.

கேஸ் நடந்தது. செல்லையனுக்கு வாதாடிய இளம் வக்கீல் ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டார். மூன்று நாள் ஓய்வே கொடுக்காமல் வண்டி ஓட்டவைத்தார்கள், இவர் உட்கார்ந்தபடியே உறங்கிவிட்டார், குற்றம் ஓட்டவைத்தவருடையது. முதலாளியின் பக்கம் அதை மறுத்தது. மற்ற டிரைவரும் முறைவைத்து ஓட்டினார் என்று காட்ட ஒரு டூட்டிப் புத்தகம் வந்தது. வேலைக்குப் பயந்து அந்த டிரைவர் வாய் திறக்காத நிலையில், அது பொய் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் தங்கப்பன். ஆகவே எல்லாம் ஒரு கேள்வியில் வந்து நின்றது. செல்லையன் உறங்கினாரா, இல்லை விழித்திருந்தும் கவனிக்காமல் ஓட்டினாரா? உறங்கினார் என்றால் முதலாளியும் பதில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் செல்லையன் மட்டும்தான். அவர் முகத்துக்குப் பக்கத்தில் இருந்த சாட்சி நான்.

கோர்ட் வராந்தாவில் ஞானம்மாள் நின்றிருந்தாள். தம்பியைப் பறிகொடுத்தவளும் அவள்தான். குற்றவாளியின் மனைவியும் அவள்தான். வந்த ஜனம் அவளிடம் எந்தத் துக்கத்தை விசாரிப்பது என்று தெரியாமல் விலகி நின்றது. அவள் நேரே என்னிடம் வந்தாள்.

"சார், ஒறங்கிட்டாருன்னு ஒரு வாக்கு சொல்லப்பிடாதா?"

"பாத்ததைத்தான் சொல்ல முடியும், அம்மா."

"வேணும்னு ஒருத்தர் எனக்கத் தம்பிய மரத்துல கொண்டு சாத்துவாரா சார்? அவரு பிள்ள மாதிரி வச்சிருந்தாரு. நீங்களுந்தான் பாத்திருக்கிய."

"என்கிட்டக் கேக்கிறதுக்கு உண்மையான பதிலைச் சொல்லுவேன்."

"நீங்க படிச்ச ஆளு," என்றாள். பிறகு தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

என்னிடம் கேட்டார்கள். தக்கலைக்குப் பிறகு உறக்கக் கலக்கம் இருந்தது என்றேன். எப்படித் தெரியும் என்றார்கள். எண்ணினேன் என்றேன். கோர்ட்டில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். குறிப்புப் புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். முப்பத்தொன்று வரை ஏறி, பிறகு ஒன்பதாகி, ஆறாகிவிட்டது. சம்பவத்துக்கு முந்தின நிமிஷங்களில் அவர் கண் திறந்திருந்தது, அவர் தெளிந்திருந்தார் என்று சொன்னேன். வக்கீல் எழுந்து, "மூன்று நாள் ஓய்வில்லை என்பது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தங்கப்பன் சொன்னதைச் சொன்னேன். "அப்படியானால் கண் திறந்தபடியே அவர் உறங்கியிருக்கலாம் அல்லவா?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரிந்தவரை அப்படி இல்லை," என்றேன்.

செல்லையனை விசாரித்தபோது அவர், "தக்கல விட்டது ஓர்மையிருக்கு. பெறவு மரந்தான் ஓர்மையிருக்கு. நடுவுல ஒண்ணும் இல்ல," என்று மட்டும் சொன்னார். அது தப்பிக்கச் சொல்லும் பொய்யாகத்தான் எல்லோருக்கும் கேட்டது. கண் திறந்திருந்தவனுக்கு எப்படி ஓர்மை இல்லாமல் போகும்? விவரம் தெரிந்த, ஒரு பக்கமும் சாராத பத்திரிகைக்காரரின் சாட்சியம் என்று தீர்ப்பில் என்னைப் பற்றி இரண்டு வரி வந்தது. செல்லையனுக்கு ஒன்பது மாதம். லைசென்ஸ் போயிற்று. முதலாளியை எவரும் எதுவும் கேட்கவில்லை.

அன்று ஸ்டுடியோவில் போட்டோக்காரர் ஒரு பிளேட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். தீர்ப்பைச் சொன்னேன். எண்களையும் சொன்னேன். அவர் கையை நிறுத்தினார்.

"ஆறுன்னா, ஒவ்வொண்ணும் எம்புட்டு நேரம் இருந்தது?"

"எதுக்கு?"

"எதுக்கா? வே, உசாரா இருக்கவன் இமை விழுந்தாத் தெரியாது. விழுந்ததும் எழும்பிரும். ஒறக்கம் வந்து முட்டுகவனுக்கு மெள்ள விழும், கொஞ்சம் கெடக்கும், மெள்ள எழும்பும். முழுசா எழும்பாது. பிள்ளைகளப் படம் எடுக்கச்சில நான் எத்தன பாத்திருக்கேன். அம்மைக்க மடியில கண்ணத் தொறந்து வச்சிட்டு இருக்கும். பல்லின்னு சொன்னாலும் திரும்பாது. அது ஒறங்கியாச்சுன்னு அர்த்தம். எண்ணிக்க கொறஞ்சா மட்டும் போதுமா? இமை பாதியில நின்னுதா, முழுசா எழும்பிச்சா?"

நான் நினைத்துப் பார்த்தேன். அந்த ஆறில் ஒவ்வொன்றும் விழுந்தபோது, அது எழும்புவதற்காக நான் காத்திருந்தது ஞாபகம் வந்தது. கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோதும் ஒன்று இன்னும் எழும்பாமல் இருந்தது. நான் அதை ஒன்று என்று எண்ணிக்கொண்டேன்.

"இத நீரு எனக்கு முன்னமே சொல்லலியே," என்றேன்.

"நீரு கேட்டது கூட்டத்துல கவனிக்கவனப் பத்தில்லா," என்றார் அவர்.

மறுநாள் காலையில் வக்கீலிடம் போனேன். என் சாட்சியம் தவறு, திருத்த வேண்டும் என்றேன். அவர் அப்பீல் செய்யலாம் என்று சொல்லிச் சிறைக்குப் போய் செல்லையனைப் பார்த்தார். செல்லையன் காகிதத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். "தங்கப்பன் போயாச்சு. நான் சீக்கிரம் வெளிய வந்து அவளுக்க மொகத்துல எப்பிடி முழிப்பேன்?" என்றாராம். பிறகு அப்பீலுக்கான கெடுவும் கடந்துபோயிற்று. என் பத்திரிகைக்கு ஒரு விளக்கம் எழுதி அனுப்பினேன். தீர்ப்பான விஷயத்தில் நிருபரின் சொந்த வருத்தத்துக்கு இடமில்லை என்று பதில் வந்தது. ஆசிரியர் சொன்னது முறைதான்.

நாலு வருஷம் கழித்து, ரப்பர் விலை பற்றி எழுதுவதற்காகக் குலசேகரம் போயிருந்தேன். ஒரு தோட்டத்தில் பால் எடுத்த வாளிகளை வாங்கி ஊற்றும் கொட்டகையில் ஒருவர் நின்றிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தார்.

"சார், சௌக்கியந்தானா?"

குரலை வைத்துத்தான் செல்லையனை அடையாளம் கண்டேன். ஞானம்மாளும் அங்கேதான் வேலை செய்கிறாள் என்றார். இரண்டு பேரும் வீட்டில் அதிகம் பேசிக்கொள்வதில்லை என்பதையும், கேட்காமலே, மழை பெய்வதைச் சொல்வதுபோலச் சொன்னார். நான் அவரைத் தோட்டத்துக்கு வெளியே ஒரு பாறை மேல் உட்காரவைத்து, போட்டோக்காரர் சொன்னதை எல்லாம் சொன்னேன். நீங்கள் உறங்கித்தான் இருந்தீர்கள், எனக்கு அது தெரியவில்லை, நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன்.

"எனக்குத் தெரியும் சார், நீங்க எண்ணினது," என்றார்.

"தெரியுமா?"

"நோட்டுப் புத்தகத்த எடுத்ததுமே தெரிஞ்சுபோச்சு. நீங்க என் கண்ணப் பாப்பிய, கடிகாரத்தப் பாப்பிய, எழுதுவிய. பேப்பர்காரரு பாக்குதாரே, கண்ணு சொருகினா நாளைக்குப் பேப்பர்ல வருமே, வேல போயிருமேன்னு பயந்து கண்ண முழிச்சுப் பிடிச்சேன். இமைக்கப்பிடாது, இமைக்கப்பிடாதுன்னு மனசுல சொல்லிட்டே வந்தேன். கண்ணு முழிச்சுதான் இருந்தது சார். நீங்க கோர்ட்டுல சொன்னது கள்ளமில்ல. நான்தான் அங்க இல்ல."

நான் எண்ணிய எண் குறைந்தது அதனால்தான். நான் எண்ணியதால்.

அவர் கையில் ஒட்டிக் காய்ந்திருந்த ரப்பர் பாலை உரித்துக்கொண்டிருந்தார். மெல்லிய தோல்போல அது உரிந்து வந்தது.

"ஒண்ணு கேட்டிருக்கலாம் நீங்க," என்றார்.

"என்ன கேட்டிருக்கணும்?"

"என்னத்தையாவது. மணி என்னன்னு கேட்டிருந்தாலும் போதும். தங்கப்பன் பின்ன என்னத்தக் கேட்டான்? காளையப் பத்தியும் வெறகப் பத்தியுந்தான."

தோட்டத்து மணி அடித்தது. வாளிகள் வரத் தொடங்கின. அவர் எழுந்து போனார். கொட்டகை வாசலில் நின்று, "சார், பஸ்ஸுக்கு நேரமாச்சு. வெயிலுக்கு முந்திப் போயிருங்க," என்று சொன்னார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

நிருபர் குறுக்கிடக் கூடாது, பார்த்து எழுதுவதோடு சரி என்று உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். பெரும்பாலான நாட்களில் அது சரி. ஆனால் நீங்கள் புத்தகத்தை விரித்த உடனே எதிரில் இருப்பவரின் முகம் மாறிவிடுகிறது என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் அங்கே இல்லாததுபோல எழுதுவது எழுத்தின் வசதி. நீங்கள் அங்கே இருக்கிறீர்கள். பக்கத்து ஸீட்டில்.

இப்போதெல்லாம் வண்டிகள் மாறிவிட்டன. பலகை மாறவில்லை. அதே மூன்று வார்த்தை இடத்துக்கு இடம் கொஞ்சம் கூடியும் குறைந்தும் இருக்கும். நான் பஸ் ஏறினால் முன்னால்தான் உட்காருவேன். சாப்பாட்டு வேளைக்குப் பிந்திய வண்டி என்றால் கட்டாயம் உட்காருவேன். டிரைவரிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்பேன். மூத்தவன் என்ன படிக்கிறான், சம்பந்தி எந்த ஊர், இந்த வருஷம் ஏத்தங்காய் என்ன விலை என்று கேட்டுக்கொண்டே போவேன். சிலர் எரிச்சல்படுவார்கள். எரிச்சல்படுகிறவர் உறங்கமாட்டார்.

போன வாரம் தக்கலையில் ஏறினேன். வில்லுக்குறி நெருங்கியபோது டிரைவரிடம் அவர் வீட்டில் யார் அதிகம் பேசுவார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கண்டக்டர் பின்னாலிருந்து வந்து என் தோளைத் தட்டினார். மேலே காட்டினார்.

"பாட்டா, எழுதியிருக்கது கண்ணுக்குத் தெரியலியா?"

"தெரியும் மக்கா," என்றேன். "எழுதினதே நான்தான்."

அவர் கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார். டிரைவர் சிரித்தார். வண்டி குளத்தங்கரையில் வளைந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இமை விழுந்தது. விழுந்ததும் எழுந்தது.